பியாடோர்பாஜ் ரயில் பாலம், 1931: நம்ம பக்கத்து ஆளுக அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஈரோடு ரயில்வே காலனில வளர்ந்தவன் நான். பழைய ரயில் விபத்துகளைப் பத்திப் படிக்கறதும் நாலு பேர்கிட்டச் சொல்றதும் எனக்குப் பல வருசப் பழக்கமுங்க. அதுல ஹங்கேரி நாட்டுல ஒரு பாலத்து மேல வெடி வச்சு எக்ஸ்பிரஸ் ரயிலைக் கவுத்த கதையை எங்க சொன்னாலும், கோபியாகட்டும் பல்லடமாகட்டும், கேள்வி மேல கேள்வி வருது. கேட்டதையெல்லாம் சேத்து, எனக்கு நல்லாத் தெரிஞ்ச அளவுக்குப் பதில் எழுதிருக்கேன். சிலதுக்கு நீளமா எழுதிட்டேன், அது நீளமா எழுத வேண்டிய சமாச்சாரம்தான்.

ஏனுங்க, மொதல்ல என்னதான் நடந்துச்சு?

1931 செப்டம்பர் 12ந் தேதி ராத்திரி, புடாபெஸ்ட் கிழக்கு ஸ்டேஷன்ல இருந்து வியன்னாவுக்கு ஒரு எக்ஸ்பிரஸ் கெளம்புச்சு. நடுராத்திரி தாண்டி 13ந் தேதி பொறந்த கொஞ்ச நேரத்துல, பியாடோர்பாஜ்ங்கற ஊர்ப் பள்ளத்துக்கு மேல இருக்கற உயரமான பாலத்துல ரயில் போயிட்டிருக்கறப்ப, தண்டவாளத்துல வச்சிருந்த வெடி வெடிச்சுது. எஞ்சினும் அதுக்குப் பின்னால இருந்த பல பெட்டிகளும் பாலத்துல இருந்து அப்படியே பள்ளத்துல போய் விழுந்துச்சு. செத்தவங்க 22 பேர். கையி காலு போனவங்க, காயம்பட்டவங்க அதுக்கு மேல எத்தனையோ பேர். நடுச்சாமம், பெட்டில பாதிப் பேரு தூங்கிட்டிருந்திருப்பாங்க, என்ன ஆச்சுன்னே தெரியாம போயிட்டாங்க.

பாலமே ஒடஞ்சு விழுந்துருச்சா?

இல்லீங்க, இதைத்தான் நெறையப் பேரு தப்பா நெனைக்கறாங்க. பாலம் நின்னுது. அப்ப எடுத்த போட்டோவைப் பாத்தீங்கன்னா மேல பாலம் அதுபாட்டுக்கு நிக்குது, கீழ பள்ளத்துல பெட்டிக ஒண்ணு மேல ஒண்ணு சிதைஞ்சு கெடக்குது.

வெடி வச்சது தண்டவாளத்தை ஒடைக்கத்தான். வெடிமருந்துன்னு பாத்தா ஒன்றரைக் கிலோ சுத்தித்தான், எக்ரசைட்னு ஒரு வகை, ராணுவத்துலயும் பயன்படுத்தினது. அந்த ஒன்றரைக் கிலோவால அவ்வளவு பெரிய இரும்புப் பாலத்தை ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா தண்டவாளத்துல ஒரு துண்டு போனாலே போதும், மிச்ச வேலையை ரயிலோட எடையும் வேகமுமே செஞ்சுரும். சமதரைல தடம் புரண்டா சக்கரம் ஜல்லில எறங்கி, உராஞ்சு, கொஞ்ச தூரத்துல நின்னுக்க ஒரு வாய்ப்பு இருக்குது. பாலத்து மேல ஜல்லிக்கு அக்கட்டால ஒண்ணுமே இல்ல, வெறும் காத்துதான். மொதப் பெட்டி விழுந்தா கப்ளிங்ல மாட்டியிருக்கற அடுத்த பெட்டியையும் இழுத்துட்டுப் போகும். பாலமாப் பாத்து வச்சான்னா அதுக்குக் காரணம் இதுதான்.

வெடியை எப்படிக் கட்டினான், எப்படி வெடிக்க வச்சான்னு சிலர் கேக்கறாங்க. அதை நான் எழுத மாட்டேன், அது யாருக்கும் தெரிஞ்சு ஆகப் போறது ஒண்ணுமில்ல.

செஞ்சது யாரு?

சில்வெஸ்டர் மாதுஷ்கான்னு ஒருத்தன். 1892ல சாண்டாவேர்ங்கற ஊர்ல பொறந்தவன், அந்த ஊரு அப்ப ஹங்கேரில இருந்துச்சு, இப்ப செர்பியாவுல இருக்குது. மொத உலகப் போர்ல ராணுவ அதிகாரியா இருந்தவன். பொறகு வியாபாரம், வீடு வாங்கறது விக்கறதுன்னு இருந்துட்டு வியன்னாவுல பொண்டாட்டி புள்ளையோட குடியிருந்தான். அக்கம்பக்கத்துல கேட்டா நல்ல மனுசன்னுதான் சொல்லியிருப்பாங்க. தாடி வச்ச ரவுடியோ, தலைமறைவு இயக்கத்து ஆளோ கெடையாது, கோட்டு சூட்டுப் போட்ட குடும்பஸ்தன்.

வெடிமருந்து வாங்கறதுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு கல் குவாரி நடத்தறவனாக் காட்டிக்கிட்டான். கரூர், நாமக்கல் பக்கம் குவாரித் தொழில் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும், குவாரிக்காரர் வெடிமருந்து கேட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. இன்னைக்கு நம்ம நாட்டுல மேகசின் (வெடிமருந்து வைக்கற கெடங்கு) லைசென்ஸ், ஸ்டாக் ரிஜிஸ்டர், எத்தனை குச்சி வாங்கின எத்தனை வெடிச்சன்னு கணக்கு எல்லாம் கேக்கறது இந்த மாதிரி ஆளுகளுக்காகத்தான். குவாரிக்காரங்க அந்தக் கணக்கெழுதறதை வெட்டி வேலைன்னு சலிச்சுக்கறப்ப நான் இந்தக் கதையைச் சொல்றதுண்டு.

இதுதான் அவன் செஞ்ச மொத வேலையா?

இல்லீங்க. ஆஸ்திரியாவுல வியன்னாவுக்கு மேற்கால அன்ஸ்பாக் பக்கம், 1930 கடைசி, 1931 ஆரம்பத்துல ரெண்டு தடவ முயற்சி பண்ணினான். பெருசா ஒண்ணும் ஆகல. அதுக்கப்பறம் 1931 ஆகஸ்ட் 8ந் தேதி ஜெர்மனில பெர்லினுக்குத் தெக்கால யூட்டர்போக் பக்கத்துல வெடி வச்சு ஒரு எக்ஸ்பிரசைக் கவுத்தான், 100 பேர் சுத்திக் காயம், யாரும் சாகல. அதுக்கு அடுத்த மாசம்தான் பியாடோர்பாஜ். அதாவது ஒவ்வொரு தடவையும் கத்துக்கிட்டே வந்திருக்கான்.

மூணு நாட்டுப் போலீசும் அப்ப ஒருத்தருக்கொருத்தர் தகவல் சரியாச் சொல்லிக்கிட்டிருந்தா, யூட்டர்போக்லயே இவன் தடம் கெடச்சிருக்குமோன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு.

எப்படி மாட்டினான்?

இதைச் சொல்றப்ப எல்லாருமே வாயடைச்சுப் போறாங்க. ரயில் விழுந்த பொறகு இவன் ஓடிப் போகல. அங்கயே கூட்டத்தோட கூட்டமா, நானும் இந்த ரயில்ல வந்த பாசஞ்சர்தான், தப்பிச்சுட்டேன்னு நின்னான். காயம்பட்டவங்களோட சேத்து இவனையும் பத்திரமா அனுப்பி வச்சாங்க. அதோட விட்டானா, ஊருக்குப் போன பொறகு என் லக்கேஜ் எல்லாம் போச்சு, நஷ்டஈடு குடுங்கன்னு ஹங்கேரி ரயில்வே மேல கேட்டான்! 22 பேரைக் கொன்னவன் கேக்கறான்.

நஷ்டஈடு கேட்டா விசாரிக்கத்தானே செய்வாங்க. விசாரிச்சப்ப இவன் சொன்ன பேச்சு ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. புடாபெஸ்ட் போலீஸ்ல யோஜெஃப் ஷ்வைனிட்சர்னு ஒரு அதிகாரி இதைப் பிடிச்சுக்கிட்டாரு. வியன்னா போலீஸ் தோண்டினப்ப வெடிமருந்து வாங்கின விவரமும் வந்துருச்சு. அக்டோபர் மாசம் வியன்னாவுல வச்சுப் பிடிச்சாங்க, கொஞ்ச நாள்ல ஒத்துக்கிட்டான்.

எதுக்குங்க செஞ்சான்? பணத்துக்கா, அரசியலா, பைத்தியமா?

ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம் சொன்னான். லியோன்னு ஒரு ஆவி என்னை ஏவி விட்டுச்சுன்னான், கோர்ட்டுல அழுதான், சாமி கும்பிட்டான். ஆனா ஊர் ஊராப் போய் எடம் பாத்து, குவாரிக்காரன் வேசம் போட்டு, அடுத்தவன் மேல பழி போறதுக்குக் கடுதாசி வரைக்கும் தயார் பண்ணினவன் என்ன செய்யறோம்னு தெரியாமச் செஞ்சான்னு நான் நம்ப மாட்டேன். இதுக்கு மேல அவன் மனசுக்குள்ள போய்த் தேடறதுல எனக்கு ஆர்வம் இல்லீங்க. அவனைப் பத்திப் பேசற அளவுக்கு அந்த 22 பேரைப் பத்தி யாரும் பேசறதில்ல.

கடுதாசின்னு சொன்னீங்களே, அது என்ன? கம்யூனிஸ்ட் கட்சிக்காரங்கதான் செஞ்சாங்கன்னு ஒரு பக்கம் படிச்சனே?

நான் இந்த விபத்தைப் பத்தி வருசக் கணக்காப் பேசிட்டு வர்றதே இந்தக் கேள்விக்காகத்தாங்க, அதனால கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

பாலத்துப் பக்கத்துல ஒரு கடுதாசி கெடந்துச்சு. தொழிலாளிகளே, உங்களுக்கு உரிமை இல்ல, முதலாளிககிட்ட இருந்து நாங்க வாங்கித் தர்றோம், இனி மாசாமாசம் எங்களைப் பத்திக் கேள்விப்படுவீங்கங்கற தோரணைல எழுதியிருந்துச்சு. மாதுஷ்கா வச்சதுதான் அதுவும். அது உலகம் முழுக்கப் பணமுடை இருந்த காலம், ஹங்கேரில பேங்க்கெல்லாம் ஆட்டங்கண்டு, வேலையில்லாம ஜனங்க தவிச்சிட்டிருந்தாங்க, அங்கங்க ஸ்டிரைக், ஊர்வலம். க்யூலா கராயிங்கறவரு பிரதமரா வந்து ஒரு மாசங்கூட ஆகல. கம்யூனிஸ்ட் கட்சி ஏற்கெனவே தடை செஞ்ச கட்சி, ஒளிஞ்சு மறைஞ்சு வேலை செஞ்சுட்டிருந்துச்சு. அந்த நேரத்துல இந்தக் கடுதாசி கெடச்சா அரசாங்கம் என்ன பண்ணும்? யாரு எழுதினது, கையெழுத்து யாருதுன்னு ஆர அமரப் பாக்கல. கம்யூனிஸ்டுக சதின்னு சொல்லி, சில நாள்லயே நாடு முழுக்க அவசர கோர்ட்டுச் சட்டம் போட்டுட்டாங்க. சட்டம்னா எப்படின்னா, பிடிச்சாச்சுன்னா உடனே விசாரணை, தீர்ப்பு, தூக்கு. அப்பீல் கெடையாது.

சரி, பதட்டத்துல போட்டுட்டாங்கன்னே வச்சுக்குவோம். அக்டோபர்லயே மாதுஷ்கா பிடிபட்டு ஒத்துக்கிட்டானே, அப்பவாச்சும் அந்தச் சட்டத்தை எடுத்திருக்கணுமில்ல? எடுக்கல. பாலத்தை வெடிச்சது யாருன்னு தெரிஞ்சும், கம்யூனிஸ்டுகளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு தெரிஞ்சும், அந்தப் பாலத்தைக் காட்டிப் போட்ட சட்டம் அப்படியே நின்னுச்சு. 1932 ஜூலைல கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருக இம்ரே ஷல்லாயி, ஷாந்தோர் ஃபியூர்ஸ்ட்னு ரெண்டு பேரைப் பிடிச்சாங்க. பாலத்தை வெடிச்சாங்கன்னு அவங்க மேல வழக்கு இல்ல, அரசாங்கத்தைக் கவுக்கறதுக்கு ஆள் சேத்தாங்கங்கற வழக்கு. ஆனா விசாரிச்சது அந்த அவசர கோர்ட்டு. ஜூலை 29ந் தேதி ரெண்டு பேரையும் தூக்குல போட்டாங்க. பிடிச்ச அதே மாசம்! கவிஞர் அட்டிலா யோஜெஃபும் அவரு நண்பர்களும் தூக்குத் தண்டனையை எதுத்து நோட்டீஸ் போட்டாங்க, அதுக்காக அவங்க மேலயும் கேஸ் போட்டாங்க.

நான் கம்யூனிஸ்ட் கிடையாது, எங்க வீட்டுல யாரும் கிடையாது. அவங்க கட்சி நல்லதா கெட்டதாங்கற பேச்சும் இங்க இல்ல. செஞ்சவன் ஜெயில்ல உக்காந்து நாந்தான் செஞ்சேன்னு சொல்லிட்டு இருக்கறப்ப, அவன் செஞ்ச காரியத்தைச் சாக்கா வச்சுப் பொறந்த சட்டத்துல வேற ரெண்டு பேரு கழுத்து முறிஞ்சுதே, அதைத்தான் சொல்றேன். அந்தப் பாலத்துச் சாவுக் கணக்கு 22ன்னுதான் எங்கயும் எழுதறாங்க, நான் அந்த ரெண்டு பேரையும் சேத்துத்தான் எண்ணுவேன்.

மாதுஷ்காவுக்குத் தூக்கு கெடச்சுதா?

தீர்ப்பு வந்துச்சு, தூக்குல போடல. 1932ல ஆஸ்திரியாக் கோர்ட்டு அன்ஸ்பாக் கேஸ்ல 6 வருசம் குடுத்துச்சு. பொறகு ஹங்கேரிக்கு ஒப்படைச்சாங்க, ஆனா தூக்குல போடக் கூடாதுங்கற நிபந்தனையோட. 1934ல புடாபெஸ்ட் கோர்ட்டு தூக்குன்னு தீர்ப்புச் சொல்லுச்சு, நிபந்தனை இருந்ததால அது ஆயுள் தண்டனையா மாறிருச்சு. பாத்தீங்களா, செஞ்சவனுக்கு ரெண்டு நாட்டுக் கோர்ட்டு, வக்கீலு, வருசக் கணக்கா விசாரணை, கடைசில உசுரும் தப்புச்சு. ஷல்லாயிக்கும் ஃபியூர்ஸ்டுக்கும் ஒரு மாசங்கூடக் கெடைக்கல.

ஜெயில்ல இருந்து தப்பிச்சுட்டானாமே?

ஆமாங்க. வாட்ஸ்ங்கற ஊர் ஜெயில்ல இருந்தான். 1944ல ரெண்டாம் உலகப் போர் ஹங்கேரிக்குள்ள வந்த குழப்பத்துல வெளிய போயிட்டான், அதோட சரி. கொரியாப் போர்ல பாத்தோம், அங்க வெடிகுண்டு வேலை செஞ்சான்னு ஒரு வதந்தி வெகு நாள் சுத்துச்சு. வதந்திதான், அதை உண்மை மாதிரி வீடியோல சொல்றவங்களை நம்பாதீங்க.

1942ல நம்ம சிங்காநல்லூர்ல ரயிலைக் கவுத்தாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணுதானே?

கோயம்புத்தூர்க்காரங்க கட்டாயம் கேக்கற கேள்வி. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தப்ப, 1942 ஆகஸ்ட்ல, சிங்காநல்லூர் பக்கம் ராணுவத் தளவாடம் ஏத்திட்டு வந்த ரயிலைத் தடம் புரள வச்சாங்க. அதே மாசம் சூலூர் விமான தளத்துக்குத் தீ வச்சாங்க. அதுக்கப்பறம் வெள்ளைக்காரன் போலீசு இந்தச் சுத்துப்பட்டு ஊருகளை என்ன பாடு படுத்துச்சுன்னு சூலூர், கண்ணம்பாளையம் பக்கம் இன்னும் வீட்டுல சொல்லக் கேக்கலாம், அடிச்சு ஒதச்சு ஜெயிலுக்கு இழுத்துட்டுப் போனாங்க.

ரெண்டையும் ஒரே தராசுல வைக்கறது எனக்கு ஒப்பு இல்ல. அவங்க குறி வச்சது போருக்குப் போற சரக்கை, தூங்கிட்டு வர்ற பொம்பளைக குழந்தைகளை இல்ல. மாதுஷ்காவுக்குக் குறியே ஜனங்கதான். அதே சமயம் சரக்கு ரயில்லயும் டிரைவர், ஃபயர்மேன், கார்டுன்னு மனுசங்க இருப்பாங்க, ரயில்வே வீட்டுல வளர்ந்த எனக்கு அது நெனப்புக்கு வராம இருக்காது. தியாகிகளைக் கும்பிடறேன், அந்த எஞ்சின்ல நின்னவனையும் மறக்கல, ரெண்டையும் சேத்துத்தான் வச்சுக்க முடியுது.

அரியலூர் பால விபத்தும் இந்த மாதிரி சதிதானுங்களே?

ரெண்டு விபத்தைப் போட்டுக் கொழப்பிக்கறாங்க, அதனால பிரிச்சுச் சொல்லிடறேன். 1956 நவம்பர்ல தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் பக்கம் மருதையாத்துல விழுந்தது வெள்ளத்தால. ஆத்துத் தண்ணி பாலத்தை அரிச்சுட்டுப் போயிருச்சு. 140 பேருக்கு மேல செத்தாங்க, அப்ப ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேத்து ராஜினாமா பண்ணினாரு. அதுல சதி ஒண்ணும் இல்ல.

1987 மார்ச்ல நடந்தது வேற. அதே மருதையாத்துப் பாலத்துல குண்டு வச்சு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரசைக் கவுத்தாங்க, 20 பேருக்கு மேல செத்தாங்க. தமிழ்நாடு விடுதலைப் படைங்கற இயக்கம் செஞ்சது. நம்ம ஊர் ஜனங்க, திருச்சிக்கு வீட்டுக்குப் போயிட்டிருந்தவங்க. எந்தக் கொள்கைக்காகன்னு கேட்டா எனக்குக் காது குடுத்துக் கேக்கவே மனசு வராது. பியாடோர்பாஜை எங்கியோ நடந்த கதைன்னு நெனைக்கறவங்களுக்கு இந்த மருதையாறு ஞாபகத்துல இருக்கட்டும்.

செஞ்சவங்க பிடிபடாமயே போன கேஸ் இருக்குதா?

இருக்குது. அமெரிக்காவுல நெவாடா மாநிலம், ஹார்னிங்கற எடத்துக்கிட்ட, 1939 ஆகஸ்ட் 12ந் தேதி ராத்திரி. சிட்டி ஆஃப் சான்ஃபிரான்சிஸ்கோன்னு அந்தக் காலத்துப் பெரிய சொகுசு ரயில். ஹம்போல்ட் ஆத்துப் பாலத்துக்கு முன்னால தண்டவாளத்தைப் பிடிச்சிருந்த ஆணிகளைக் கழட்டி, தண்டவாளத்தைக் கொஞ்சமா உள்பக்கம் நகத்தி வச்சிருந்தாங்க. பெட்டிக பாலத்துல போய் மோதி, பாலத்துல ஒரு பகுதியே ஆத்துல விழுந்துச்சு. 24 பேர் செத்தாங்க, அதுல நெறையப் பேரு ரயில்ல வேலை செஞ்சவங்க.

இதுல என்னைப் பயமுறுத்தற விசயம் ஒண்ணு இருக்குது. தண்டவாளத்துல லேசா ஒரு கரண்ட் ஓடிட்டே இருக்கும், எங்காச்சும் தண்டவாளம் அறுந்தா கரண்டும் அறுந்து சிக்னல் சிவப்பு விழுந்துரும். ஹார்னில செஞ்சவன் அந்தக் கரண்ட் அறுந்து போகாத மாதிரி பாத்துக்கிட்டான், சிக்னல் பச்சையாவே இருந்துச்சு. ரயில்வே வேலை தெரிஞ்சவன் கை இல்லாம இது நடந்திருக்காதுன்னு அப்பவே சொன்னாங்க. பரிசு அறிவிச்சாங்க, வருசக் கணக்காத் தேடினாங்க, இன்னைக்கு வரைக்கும் யாருன்னு தெரியாது.

நம்ம ஈரோட்டுக் காவிரிப் பாலத்துல தெனமும் இத்தனை ரயில் போகுதே, யாரு பாத்துக்கறாங்க?

ஆளுக பாத்துக்கறாங்க. கேமரா, மெசினு எல்லாம் வந்துருச்சு, தண்டவாளத்துக்கு உள்ளார விரிசல் இருக்குதான்னு அல்ட்ராசோனிக் மெசின் தள்ளிட்டுப் போய்ப் பாக்கறாங்க, எல்லாம் சரி. ஆனா அடிப்படை இன்னும் நடந்து போற மனுசன்தான். எங்க பெரியப்பா கீமேனா, அதாவது தண்டவாளத்தை நடந்து பாத்துச் சரி பண்ற ஆளா இருந்தவரு. விடிஞ்சதும் கெளம்புவாரு, தோள்ல நீளமான ஸ்பானர், கையில சுத்தியல், பையில செவப்புக் கொடி, பச்சைக் கொடி, டெட்டனேட்டர் டப்பா, கூட ஒரு தூக்குப்போசில பழைய சோறு. தன் பங்குக்கு உள்ள கிலோமீட்டர் முழுக்கத் தண்டவாளத்துக்கு நடுவுல குனிஞ்ச தலை நிமிராம நடப்பாரு. தண்டவாளத்தைப் பிடிச்சிருக்கற சாவி கழண்டிருந்தா ஒரே அடில உள்ள எறக்குவாரு, ரெண்டு தண்டவாளத்தைச் சேக்கற ஃபிஷ்பிளேட்டோட போல்ட்டைத் தட்டிப் பாத்துச் சத்தத்துலயே லூசா இல்லையான்னு சொல்லுவாரு. ஆடி, ஐப்பசி மழைல ராத்திரி ரோந்துக்குன்னு தனி ஆளுக, கைவிளக்கோட.

அந்த டெட்டனேட்டரைப் பத்திச் சொல்லியாகணும். தண்டவாளம் ஒடஞ்சு கெடக்கறதைக் கீமேன் பாத்துட்டாருன்னா, அந்த எடத்துல செவப்புக் கொடியை நட்டுட்டு, ரயில் வர்ற தெசையைப் பாத்து ஓடணும். அகலப் பாதைன்னா 600 மீட்டர்ல தண்டவாளத்து மேல ஒண்ணு வைக்கணும், 1200 மீட்டருக்குப் போய்ப் பத்துப் பத்து மீட்டர் இடைவெளில மூணு வைக்கணும். சக்கரம் ஏறினதும் டப்பு டப்புன்னு வெடிக்கும், டிரைவருக்குக் காதுல விழுந்ததும் பிரேக். வயசான காலத்துலயும் 1200 மீட்டர் ஜல்லில ஓடிப் பழகியிருக்கணும்னு பெரியப்பா சொல்லுவாரு, வீட்டுக்கு வந்தா கால் பாதம் ரெண்டும் வீங்கிக் கெடக்கும், பெரியம்மா வெந்நில உப்புப் போட்டு வைப்பாங்க. தண்டவாளத்துல வைக்கற வெடி மாதுஷ்கா கையிலயும் இருந்துச்சு, எங்க பெரியப்பா பையிலயும் இருந்துச்சு.

இப்பக் கேங்மேன், கீமேன் வேலைக்கு ஆள் பத்தலைன்னு அவங்க சங்கத்துக்காரங்க கத்திட்டே இருக்காங்க. ரயில் பாதுகாப்பைப் பத்திக் கவலைப்படறவங்க மொதல்ல அதைக் காது குடுத்துக் கேக்கணும்.

ரயிலைக் கவுக்கப் பாத்தா நம்ம சட்டத்துல என்ன தண்டனை?

1989 ரயில்வே சட்டம், பிரிவு 150. ரயிலைக் கவுக்கற எண்ணத்தோட தண்டவாளத்துல எதையாச்சும் வச்சாலோ, கழட்டினாலோ, ஆயுள் தண்டனை, இல்லைன்னா 10 வருசம் வரைக்கும் கடுங்காவல். ஆளைக் கொல்லணும்னே செஞ்சு அதுல உயிர் போச்சுன்னா தூக்கு வரைக்கும் போகலாம். பசங்க விளையாட்டுக்குக் கல்லு வைக்கறது, காசு வைக்கறது கூட கேஸ் ஆகும், வீட்டுல சொல்லி வளத்துங்க.

ஒரு விபத்து நடந்ததும் டிவில உடனே சதி, சதின்னு ஓடுதே, நம்பலாமா?

உடனே நம்பாதீங்க, உடனே இல்லைன்னும் சொல்லாதீங்க. நம்ம நாட்டுல பெரிய விபத்துன்னா ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பாரு. அவரு ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ இல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழ வர்றவரு, ரயில்வே தன்னைத் தானே விசாரிச்சுக்கக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க. சதின்னு சொல்லிட்டா பராமரிப்புல கோட்டை விட்டவன் தப்பிச்சுக்குவான். பராமரிப்புக் குறைன்னு அவசரப்பட்டுச் சொன்னா ஒரு பாவப்பட்ட கேங்மேன் சஸ்பெண்ட் ஆவான். அதுக்கு நடுவுல வாட்ஸ்அப்ல இந்தச் சாதி, அந்த மதம், வெளியூர்க்காரன், வடக்கத்தியான்னு ஆரம்பிச்சுருவாங்க, திருப்பூர்ல வேலைக்கு வந்த பசங்களைப் பத்தி அப்படி ஒரு பொய் ஃபார்வர்டை நானே அழிக்கச் சொல்லிச் சண்டை போட்டிருக்கேன். பியாடோர்பாஜ்ல கெடந்த கடுதாசி மாதிரிதான் அதுவும், எழுதினவனுக்கு யாரு மேல பழி போகணும்னு முன்னாடியே தெரியும்.

அந்தப் பாலம் இப்பவும் இருக்குதா?

இருக்குது. 1977ல ரயில் பாதையை வேற பக்கட்டுல மாத்திக் கொண்டு போயிட்டாங்க, அதுக்கப்பறம் அதுல ரயில் போறதில்ல. இப்ப ஜனங்க நடக்கறதுக்கும் சைக்கிள் ஓட்டறதுக்கும் தொறந்து விட்டிருக்காங்க. புடாபெஸ்ட்ல இருந்து ரொம்பத் தூரமில்ல, படிப்புக்கோ வேலைக்கோ அந்தப் பக்கம் போற நம்ம ஊர்ப் பசங்க ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க.

நாங்க ட்ராக் ஓரத்துல குடியிருக்கறோம். தண்டவாளத்துல ஏதாச்சும் வித்தியாசமாப் பாத்தா என்ன பண்ணணும்?

139க்கு உடனே போன் பண்ணுங்க, ரயில்வே ஹெல்ப்லைன் அதுதான். எடம் சொல்றதுக்கு, ட்ராக் ஓரத்துல கிலோமீட்டர் கல்லும், கரண்ட் கம்பத்துல நம்பரும் எழுதியிருக்கும், அதைப் படிச்சுச் சொன்னா அவங்களுக்கு டக்குனு புரியும். பக்கத்துல கேட் இருந்தா கேட்கீப்பர்கிட்ட ஓடிச் சொல்லுங்க, அவருகிட்ட ஸ்டேஷனுக்கு நேரடி போன் இருக்குது, அது எல்லாத்தையும் விட வேகம். மூட்டை, பெட்டி, வயர் எதாச்சும் தண்டவாளத்துல இருந்தா கிட்டப் போகாதீங்க, கையில தொடாதீங்க, போட்டோ எடுக்கறேன்னு நிக்காதீங்க. ரயில் வர்ற நேரமா இருந்து வேற வழியே இல்லைன்னா, ட்ராக்ல ஏறாம ஓரமா நின்னு, செவப்புத் துணி எதுவா இருந்தாலும் சரி, சேலை, துண்டு, எதையாச்சும் எடுத்து டிரைவருக்குத் தெரியற மாதிரி வேகமா ஆட்டுங்க. ராத்திரின்னா செல்போன் டார்ச்சைப் போட்டுப் பக்கவாட்டுல ஆட்டுங்க. எந்த லைட்டையும் வேகமா ஆட்டினா நிறுத்தச் சொல்றாங்கன்னு டிரைவருக்குத் தெரியும்.